கிளவுடில் சிக்கலா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

"சர்வர் வேலை செய்யவில்லை" என்று அழைப்பு வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: திரையில் என்ன வாசகம் வந்தது? பல நேரம் பதில் கிடைக்காது. அதற்குள் ஒருவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்திருப்பார். இன்னொருவர் ஃபயர்வாலில் எல்லாப் போர்ட்டையும் திறந்துவிட்டிருப்பார். மூன்றாமவர் பெரிய மெஷினுக்கு மாற்றியிருப்பார். அரை மணி கழித்து எப்படியோ ஓடத் தொடங்கும். எதனால் நின்றது, எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே சிக்கல் திரும்ப வந்து நிற்கும்.

கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில், எதையும் இரண்டு கிளிக்கில் மாற்றிவிடலாம். அதனால்தான் இந்தப் பழக்கம் அங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. எதையும் தொடுவதற்கு முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிழை வாசகம் எழுத்து மாறாமல், சிக்கல் தொடங்கிய நேரம், அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்பது. மூன்றாவதற்காக யாரையும் நிறுத்தி வைத்து விசாரிக்க வேண்டாம். அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸில் கிளவுட்டிரெயில், மைக்ரோசாஃப்டின் அஜூரில் ஆக்டிவிட்டி லாக், கூகுள் கிளவுடில் ஆடிட் லாக் ஆகியவை தாமாகவே பதிந்து வைக்கின்றன. முதல் இரண்டிலும் தனியாக எதையும் அமைக்காமலே 90 நாள் வரலாறு இருக்கும். கூகுளில் நிர்வாக மாற்றங்கள் 400 நாள் வரை கிடைக்கும். அந்தப் பட்டியலைத் திறந்ததுமே முடிந்துபோன சிக்கல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம்.

பக்கம் திறக்கவே இல்லை

இங்கே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது: நெடுநேரம் சுற்றிவிட்டு "டைம் அவுட்" என்கிறதா, தட்டிய நொடியிலேயே "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்கிறதா? இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன.

டைம் அவுட் என்றால் நீங்கள் அனுப்பியது வழியிலேயே மறைந்துவிட்டது. பூட்டிய கதவைத் தட்டிவிட்டு நிற்பது மாதிரி, உள்ளிருந்து ஒரு சத்தமும் வராது. செக்யூரிட்டி குரூப்பில் (மெஷினுக்கான ஃபயர்வால் விதிகள்) அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா, மெஷினுக்குப் பொது ஐபி இருக்கிறதா, மெஷின் இருக்கும் நெட்வொர்க் பகுதியான சப்நெட்டின் ரூட் டேபிளில் (வழிகளின் பட்டியல்) இணையத்துக்கு வழி இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் சப்நெட் முழுவதற்குமான ஃபயர்வாலான நெட்வொர்க் ஏசிஎல்லைப் பாருங்கள். செக்யூரிட்டி குரூப் உள்ளே வந்ததை நினைவில் வைத்துக்கொண்டு பதிலைத் தானே வெளியே விடும். ஏசிஎல்லுக்கு அந்த நினைவு கிடையாது. உள்ளே வர 443 போர்ட்டைத் திறந்துவிட்டு, பதில் வெளியே போக 1024 முதல் 65535 வரை உள்ள போர்ட்டுகளைத் திறக்காமல் விட்டால் ஒரு பக்கமும் வராது. நேரத்தை அதிகம் விழுங்கும் பிழை இது, ஏனென்றால் விதிகளை மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

ரெஃப்யூஸ்டு என்றால் நல்ல செய்தி. உங்கள் கோரிக்கை மெஷின் வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நெட்வொர்க்கை விட்டுவிட்டு மெஷினுக்குள் போங்கள். நிரல் நின்றிருக்கலாம், அல்லது 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அதே மெஷினுக்குள் இருந்து முயன்றால் பதில் வரும், வெளியில் இருந்து வராது. 0.0.0.0 என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும். கன்டெய்னர் என்னும் தனிப் பெட்டிக்குள் போட்ட செயலிகளில் இது அடிக்கடி நடக்கிறது, "என் லேப்டாப்பில் ஓடியதே" என்ற பேச்சும் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

பெயரே கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) சிக்கல் அல்லது டொமைன் காலாவதி. பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் சான்றிதழின் கடைசித் தேதியைப் பாருங்கள். இந்த இரண்டிலும் அதற்கு மேல் யோசிக்க அதிகம் இல்லை.

502, 503, 504

மூன்றையும் "சர்வர் எரர்" என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர் தன் மொழியில் தெளிவாகத்தான் சொல்கிறது.

503: அனுப்ப எனக்கு ஆரோக்கியமான சர்வர் ஒன்றுகூட இல்லை. சர்வர் நலமா என்று அது அவ்வப்போது கேட்கும் ஹெல்த் செக் எந்த முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் இப்போது லாகின் கேட்கிறதா? 200 (சரி) வர வேண்டிய இடத்தில் 302 (வேறு பக்கத்துக்குப் போ) அல்லது 401 (லாகின் தேவை) வந்தால், நன்றாக ஓடும் சர்வரைக்கூட நோயாளி என்று முடிவு கட்டிவிடும். கூகுள் கிளவுடில் ஹெல்த் செக் 35.191.0.0/16, 130.211.0.0/22 என்ற முகவரித் தொகுதிகளில் இருந்து வரும். ஃபயர்வாலை இறுக்கிய மறுநாள் எல்லாச் சர்வரும் ஒரே நேரத்தில் நோயாளி ஆனால், காரணம் பெரும்பாலும் இங்கேதான்.

504: சர்வரிடம் கேட்டேன், நேரத்துக்குள் பதில் வரவில்லை. டேட்டாபேஸில் மெதுவாக ஓடும் வினவலைத் தேடுங்கள். டைம் அவுட் அளவை மட்டும் ஏற்றிவிடுவது நோயை விட்டுவிட்டு வெப்பமானியை மாற்றும் வேலை.

502: சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை. அதிலும் எப்போதாவது ஒன்றிரண்டாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால், கீப்-அலைவ் நேரத்தைப் (சும்மா இருக்கும் இணைப்பை மூடாமல் வைத்திருக்கும் நேரம்) பாருங்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் அப்ளிகேஷன் லோடு பேலன்சர் சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 60 வினாடி பிடித்து வைத்திருக்கும். செயலிகளை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் பல பதிப்புகள் 5 வினாடியில் தம் பக்கத்தை மூடிவிடும். லோடு பேலன்சர் அந்த இணைப்பு உயிரோடு இருப்பதாக நம்பி அடுத்த கோரிக்கையை அனுப்பும் அதே கணத்தில் சர்வர் மூடினால் 502. செயலியின் கீப்-அலைவ் நேரத்தை 60க்கு மேல், 65 என்று வையுங்கள். செயலியின் லாகில் ஒரு வரிகூடப் பதியாமல் வாடிக்கையாளருக்கு மட்டும் 502 தெரிவது இதன் அடையாளம்.

"அனுமதி இல்லை" என்கிறது

முதல் வேலை, நீங்கள் யார் என்று கிளவுடையே கேட்பது. கட்டளை வரியில் உங்கள் தற்போதைய அடையாளத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் எஸ்டிஎஸ் சேவையின் "கெட் காலர் ஐடென்டிட்டி" அதற்குத்தான். நீங்கள் நினைத்த ரோலில் (அனுமதிகள் கொண்ட அடையாளம்) இல்லாமல், என்றோ மெஷினில் விட்டுப்போன பழைய கீயில் (கணக்குக்குள் நுழையும் சாவி) ஓடிக்கொண்டிருப்பது அப்போது தெரியவரும்.

ரோல் சரி என்றால் அடுத்தது மறுப்பு விதிகள். அனுமதிகளை நிர்வகிக்கும் ஐஏஎம்மில் பத்து இடத்தில் அனுமதி கொடுத்தாலும் ஓர் இடத்தில் வெளிப்படையான மறுப்பு இருந்தால் அதுதான் செல்லும். நிறுவன அளவில் போட்ட பாலிசியில் அந்த மறுப்பு இருந்தால் உங்கள் அக்கவுண்டில் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாது. கோப்பு கேஎம்எஸ் என்ற சாவிச் சேவையின் சாவியால் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், கோப்புக்கு மட்டும் அனுமதி போதாது, அந்தச் சாவிக்கும் தனியாக வேண்டும்.

ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பகமான எஸ்3யில் ஒரு விசித்திரம் உண்டு. கோப்புகளை வைக்கும் பெட்டியான பக்கெட்டின் பட்டியலைப் பார்க்கும் அனுமதி உங்களுக்கு இல்லையென்றால், இல்லாத கோப்பைக் கேட்டாலும் 404 (கோப்பு இல்லை) வராது, 403தான் (அனுமதி இல்லை) வரும். இருக்கிறதா இல்லையா என்பதையே சொல்லக்கூடாது என்பது அதன் நோக்கம். ஆகவே பாலிசியோடு மல்லுக்கட்டும் முன் கோப்பின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மெஷினின் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தாலும் எஸ்3 கோரிக்கையை மறுத்துவிடும்.

"பழைய பக்கெட் பொதுவில் திறக்கிறது, புதியது திறக்கவில்லை" என்றால் அது பிழையல்ல. 2023 ஏப்ரல் முதல் புதிதாக உருவாக்கும் பக்கெட்டுகளில் பொது அணுகல் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடையை அவசரத்தில் நீக்காதீர்கள். கிளவுட் சேமிப்பகங்களில் இருந்து வாடிக்கையாளர் விவரங்கள் வெளியே கசிந்த செய்திகளில் கணிசமானவை, யாரோ "சும்மா சோதித்துப் பார்க்க" திறந்துவிட்ட பக்கெட்டில் இருந்து வந்தவை.

அரை மணி நேரம் பறக்கிறது, அப்புறம் ஊர்கிறது

சிபியு 20 சதவீதம்கூட இல்லை, மெமரி தாராளம், ஆனாலும் டேட்டாபேஸ் தவழ்கிறது. தினமும் வேலை தொடங்கிச் சற்று நேரத்தில் வரும், இரவு தானாகச் சரியாகிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் பயன் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இது, ஏனென்றால் கணக்குப் போட்டாலே பிடிபட்டுவிடும்.

ஏடபிள்யூஎஸ்ஸின் ஜிபி2 (gp2) வகை வட்டுக்கு அதன் அளவுதான் வேகம்: ஒரு ஜிகாபைட்டுக்கு வினாடிக்கு 3 வாசிப்பு-எழுத்து. 100 ஜிபி வட்டு என்றால் 300. ஆனால் வேலை குறைவான நேரத்தில் சேரும் கிரெடிட் சேமிப்பில் இருக்கும்வரை 3000 வரை போக விடும். நிறைந்த சேமிப்பு 54 லட்சம் கிரெடிட். வினாடிக்கு 3000 செலவு, 300 வரவு, ஆக 2700 கரைகிறது. 54 லட்சத்தை 2700ஆல் வகுத்தால் 2000 வினாடி, அதாவது 33 நிமிடம். 34ஆவது நிமிடத்தில் வட்டு பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு விழுகிறது. சிபியு ஏன் சும்மா இருக்கிறது? வட்டில் இருந்து டேட்டா வரும்வரை அதற்கு வேலையே இல்லை. இரவில் ஏன் சரியாகிறது? வேலை ஓய்ந்ததும் வினாடிக்கு 300 என்று கிரெடிட் திரும்பச் சேர்கிறது. முழுவதும் நிரம்ப 5 மணி நேரம் ஆகும்.

கண்காணிப்புத் திரையில் பர்ஸ்ட் பேலன்ஸ் (மீதமுள்ள கிரெடிட் சதவீதம்) என்ற கோட்டைப் பாருங்கள். காலையில் 100இல் இருந்து சரிந்து பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஜிபி3 வகைக்கு மாற்றுங்கள். அதில் அளவு எவ்வளவு சிறியதானாலும் அடிப்படையே 3000, ஜிபி கணக்கில் விலையும் குறைவு, ஓடும்போதே மாற்றலாம். இதைப் பார்க்காமல் மெஷினைப் பெரிதாக்கினால் பணம்தான் போகும், வட்டு அதே வட்டுதான்.

சிபியுவிலும் இதே கணக்கு உண்டு. ஏடபிள்யூஎஸ்ஸில் டி வரிசை, அஜூரில் பி வரிசை மெஷின்கள் மலிவாக இருப்பதற்குக் காரணமே, முழு வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தான் என்பது. டி2வில் கிரெடிட் தீர்ந்தால் வேகம் விழும். டி3யில் இயல்பான அமைப்பு "அன்லிமிடெட்", வேகம் விழாது, மாதக் கடைசியில் பில் பேசும்.

எல்லாருக்கும் எப்போதும் ஒரே மாதிரி மெதுவாக இருந்தால் தூரத்தைக் கணக்கிடுங்கள். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 10,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரீஜனுக்குப் (கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர்கள் உள்ள பகுதி) போய்வர 100 மில்லிவினாடி. ஒரு பக்கத்தைக் காட்ட செயலி வரிசையாக 20 முறை டேட்டாபேஸுக்குப் போய்வந்தால், செயலி ஒரு கண்டத்திலும் டேட்டாபேஸ் இன்னொரு கண்டத்திலும் இருந்தால், அதற்கே 2 வினாடி. எந்த மெஷினாலும் அதைக் குறைக்க முடியாது. இரண்டையும் ஒரே ரீஜனில் வையுங்கள்.

பில் திடீரென்று ஏறிவிட்டது

மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு விவாதிக்காதீர்கள். பில் கருவியில் சேவை வாரியாகப் பிரித்து, அதையும் பயன்பாட்டு வகை வாரியாகப் பிரித்து, நாள் நாளாகப் பாருங்கள். எந்த நாளில் கோடு ஏறியது? அந்த நாளின் ஆடிட் லாகைத் திறங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

"ஆனால் மெஷினை நிறுத்திவிட்டோமே" என்பார்கள். நிறுத்திய மெஷினின் வட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அஜூரில் விண்டோஸுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தால் மெஷினுக்கே வாடகை ஓடும். கன்சோலில் நிறுத்தி, நிலை "டீஅலகேட்டட்" என்று காட்டினால்தான் நிற்கும். ஏடபிள்யூஎஸ்ஸில் நிறுத்திவைத்த ஆர்டிஎஸ் டேட்டாபேஸ் 7 நாள் கழித்துத் தானாக எழுந்துகொள்ளும். நீண்ட விடுமுறைக்கு முன் நிறுத்திவிட்டு நிம்மதியாகப் போனவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மெஷின் எண்ணிக்கை மாறாமலே ஏறியிருந்தால் டேட்டா போக்குவரத்தைப் பாருங்கள். தனி சப்நெட்டில் உள்ள சர்வர்கள் இணையத்துக்கான வாசலான நேட் கேட்வே வழியாக வெளியே போகும்போது, கேட்வேயின் மணிக்கணக்கு வாடகை போக, கடந்து செல்லும் ஒவ்வொரு ஜிபிக்கும் கட்டணம் உண்டு. தினமும் பேக்கப்பை எஸ்3க்கு அனுப்பும் சர்வர், அதே ரீஜனில் இருக்கும் எஸ்3க்கே இந்தச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருக்கலாம். எஸ்3க்கு நேர்வழியான கேட்வே எண்ட்பாயின்ட் இலவசம். அமைத்து ரூட் டேபிளில் சேர்த்தால் அந்தச் செலவு அப்படியே நின்றுவிடும். ஒரு மாலை நேர வேலைதான், பலன் மாதாமாதம்.

சத்தமில்லாமல் வளர்பவை சில: ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சின் லாக் இயல்பாக என்றைக்கும் அழியாது, காலக்கெடு நீங்கள்தான் போட வேண்டும். பாதியில் அறுந்த பெரிய அப்லோடுகளின் துண்டுகள் எஸ்3யின் வழக்கமான பட்டியலில் தெரியாது, இடத்தை மட்டும் அடைத்திருக்கும். பழைய பிரதிகளையும் வைத்திருக்கும் வெர்ஷனிங் போட்ட பக்கெட்டில் அழித்த கோப்பும் உள்ளேயே இருக்கும். 2024 பிப்ரவரி 1 முதல் ஏடபிள்யூஎஸ்ஸில் பயன்பாட்டில் உள்ளது, இல்லாதது என்ற வேறுபாடு இன்றி ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர்.

நீங்கள் எப்போதும் தொடாத ரீஜனில் பெரிய மெஷின்கள் ஓடினால் மேலே சொன்ன எதையும் பார்க்க வேண்டாம். கீ கசிந்திருக்கிறது, யாரோ உங்கள் செலவில் கிரிப்டோ தோண்டுகிறார்கள். முதலில் அந்தக் கீயை முடக்குங்கள், அதன்பின் மெஷின்களை நிறுத்துங்கள், அதன்பின் அந்தக் கீயால் வேறு புதிய பயனர்கள் உருவாக்கப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அன்றே சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். கீயை முடக்காமல் மெஷின்களை மட்டும் அழித்தால் சில நிமிடத்தில் திரும்ப முளைக்கும்.

பட்ஜெட் எச்சரிக்கை இருக்கிறதே என்று நம்பியிருக்காதீர்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் அது ஒரு நாளைக்கு மூன்று முறை வரைதான் புதுப்பிக்கப்படும். இயல்பான அமைப்பில் மடல்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது.

நம் பக்கமா, அவர்கள் பக்கமா?

கிளவுட் நிறுவனமே விழுவது உண்டு. 2017 பிப்ரவரி 28 அன்று ஒரு கட்டளையில் தவறான உள்ளீடு போனதில் நினைத்ததைவிட அதிகச் சர்வர்கள் நீக்கப்பட்டு, வட வர்ஜீனியா ரீஜனில் எஸ்3 பல மணி நேரம் முடங்கியது. நிலவரம் காட்டும் பக்கமே எஸ்3யை நம்பியிருந்ததால் அதைக்கூட உடனே புதுப்பிக்க முடியவில்லை. 2025 அக்டோபர் 20 அன்று அதே ரீஜனில் டைனமோடிபி டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் பதிவு காலியாகி, அதை நம்பியிருந்த ஏராளமான சேவைகள் வரிசையாகச் சரிந்தன.

ஆகவே நிலவரப் பக்கம் பச்சையாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் செயலி தொடர்பில்லாத, அதே ரீஜனில் உள்ள எளிய ஒன்றைச் சோதியுங்கள்: ஒரு கோப்பை வாசிக்க முடிகிறதா? புது மெஷின் ஒன்று எழுகிறதா? இரண்டும் நடந்தால் சிக்கல் உங்கள் பக்கம். நடக்கவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அமைப்புகளைக் கிளறினால், அவர்கள் சரிசெய்த பிறகும் உங்கள் செயலி மட்டும் எழாது.

டேட்டாவைக் காணோம்

எழுதுவதை உடனே நிறுத்துங்கள், எதையும் "சுத்தம்" செய்யாதீர்கள். பக்கெட்டில் வெர்ஷனிங் இருந்தால் நீக்கக் குறியை எடுத்ததும் கோப்பு திரும்பும். டேட்டாபேஸ் என்றால், குறிப்பிட்ட நேரத்துக்கு மீட்கும் வசதியைக் கொண்டு பழைய நிலையைப் புதிய டேட்டாபேஸாக எழுப்புங்கள். இருப்பதன் மேல் எழுதாதீர்கள்.

பேக்கப் எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே உயிர். 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கணக்குக்குள் நுழைந்தவர்கள் டேட்டாவோடு அதே கணக்கில் இருந்த பேக்கப்பையும் அழித்தார்கள். நிறுவனமே மூடப்பட்டது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் தனி கிளவுட், அமைக்கும்போது ஒரு புலம் காலியாக விடப்பட்டதால் தானாக அழிந்தது. வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் பேக்கப் வைத்திருந்தார்கள், மீண்டு வந்தார்கள். குறைந்தது ஒரு பிரதியாவது வேறு கணக்கில், வேறு ஊரில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து உண்மையாகவே மீட்டுப் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதி வையுங்கள்.

"கிளவுடுக்கு வந்தும் செலவு குறையவில்லையே?"

இந்த அறிகுறி திரையில் வராது, மீட்டிங்கில் வரும். பேசுபவர்கள் எல்லாரும் ஒரே பொருளில் பேசுகிறார்களா என்று முதலில் பாருங்கள். கணக்குத் துறைக்குக் கிளவுட் என்றால் மாத பில், விற்பனைக் குழுவுக்கு அவர்கள் பயன்படுத்தும் ஆன்லைன் மென்பொருள், டெவலப்பருக்குச் சர்வர். வாடகைக்கு எடுத்த மெஷினா, நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸா, முழு மென்பொருளா என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டை ஓயும்.

அடுத்து, "99.99 சதவீதம் உத்தரவாதம் இருக்கிறதே" என்பார்கள். மாதத்துக்குச் சுமார் 4 நிமிடம் நிற்கலாம் என்று அதற்குப் பொருள், 99.9 என்றால் 43 நிமிடம். மீறினால் கிடைப்பது அடுத்த பில்லில் ஒரு பங்கு தள்ளுபடி. அன்று நீங்கள் இழந்த வியாபாரத்துக்கு ஈடு எதுவும் கிடைக்காது.

அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையில் கிளவுடுக்கு ஐந்து இயல்புகள் சொல்லப்படுகின்றன. தேவைக்கேற்ப விரிந்து சுருங்குவது அதில் ஒன்று, அளந்து கணக்கிடுவது இன்னொன்று. சொந்த சர்வர் அறையில் இருந்த மெஷின்களை அதே அளவில் அப்படியே தூக்கி வைத்து, 24 மணி நேரமும் ஓடவிட்டால் இந்த இரண்டையும் நீங்கள் பயன்படுத்தவே இல்லை. வாங்கிப் போட்ட பொருளுக்கு வாடகையும் கொடுக்கிற கதையாகத்தான் முடியும். "வெளியேறிவிடலாம்" என்ற பேச்சு வந்தால், முழுவதுமாக வெளியேறுவோருக்கு டேட்டாவை எடுத்துச் செல்லும் கட்டணத்தைக் கூகுள் 2024 ஜனவரியிலும் ஏடபிள்யூஎஸ் அதே ஆண்டு மார்ச்சிலும் நீக்கிவிட்டன என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்களின் உழைப்புக்கு அப்படித் தள்ளுபடி இல்லை.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் இரண்டு வாரத்து சிபியு, மெமரி அளவுகள் கையில் வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகைச் சர்வர்களான ஈசி2 மெஷின்கள் சிபியுவைத் தாமாகவே காட்டும், மெமரியைக் காட்டாது. அதற்குத் தனி ஏஜென்ட் வேண்டும். மீட்டிங் தேதி குறிக்கும் முன்பே அதை எல்லா மெஷினிலும் போட்டுவிடுங்கள்.